அந்தப் பாடம் நடந்தபோது நாங்கள் மைதானத்தில் இருந்தோம்

என் மரகதம் அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. ஸ்டாஃப் ரூமில் உங்கள் நாற்காலியில் யாருமே உட்காருவதில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிறதென்று மூன்றாம் நாளே கணக்கு வாத்தியார் பிடித்துக்கொண்டார். நான்தான் இன்னும் அந்தப் பக்கம் திரும்பி, "அக்கா, சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவரும் பெருந்தன்மையாகச் சாக்பீஸ் கொடுத்துவிடுகிறார்.

உங்களுக்கு ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். இந்த வருஷம் அந்தப் பாடத்தை நான் நடத்தினேன். ஆமாம், நானேதான். சிரிக்காதீர்கள் அக்கா. சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

'அந்தப் பாடம்' என்றால் நம் பள்ளிக்கூடத்துச் சுவருக்குக்கூடத் தெரியும். இதை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: பத்தாம் வகுப்பு அறிவியலில் மனித இனப்பெருக்கம். போடியில் நம் பள்ளியில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். அந்த வாரம் மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரியும். நீங்கள் பெண்பிள்ளைகளை லேபுக்குள் கூட்டிப்போய் ஜன்னலைச் சாத்துவீர்கள். நான் பையன்களை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவேன். இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. நான் வேலையில் சேர்ந்த பத்தொன்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

பயல்களுக்கு அது திருவிழா. "சார், அந்தப் பாடம் வந்திருச்சா? பந்தை எடுத்தாரவா?" என்று ஒரு வாரம் முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிடுவான்கள். உள்ளே உங்கள் குரல், வெளியே என் விசில். மணி அடித்ததும் நீங்கள் வெளியே வருவீர்கள், பெண்பிள்ளைகள் ஏதோ கோயிலிலிருந்து வருவதுபோல் சத்தமில்லாமல் பின்னால் வருவார்கள். அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குக் கூச்சம்.

நீங்கள் ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். "ஏன் தம்பி, பிள்ளைகளுக்கு நான் சொல்லிர்றேன். பயலுகளுக்கு யாரு சொல்றது?" நான் பெரிய மனுஷன் மாதிரி, "வளந்தாத் தன்னால தெரிஞ்சுக்கிருவாங்கக்கா" என்றேன். நீங்கள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தீர்கள். "ஒனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தீர்கள். அதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன்: எனக்கும் தெரியாது அக்கா. கல்யாணமாகி, எம்.எஸ்சி. முடித்து, பிள்ளையும் பெற்ற பிறகும் பாதி தெரியாது.

இந்த வருஷம் ஹெச்.எம். கூப்பிட்டு, "வேற ஆளில்ல ஜெயபாலு, நீதான் எடுக்கணும்" என்றார். ஒரு ஞாயிறு முழுக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பரீட்சைக்காக எத்தனை தடவை படித்திருப்பேன்! அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. ஏலக்காயை உரித்தால் உள்ளே அரிசி இருக்குமே, கரு அந்த அளவு இருக்கும்போதே அதற்குள் ஒன்று துடிக்கத் தொடங்கிவிடுகிறது. யாரும் சாவி கொடுக்கவில்லை, யாரும் தட்டி எழுப்பவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். என் மனைவி, "என்ன செய்யுது, நெஞ்சு வலிக்குதா?" என்று பதறிப்போனாள். வலிக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக நிற்காமல் ஓடுகிறதே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியும் முதல் நாள் நான் பழைய வழக்கத்தைத்தான் செய்தேன். பையன்களை பி.டி. சாரோடு மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தேன். பலகையைப் பார்த்தே பேசி, எப்படியோ முடித்தேன். முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மரகதம் டீச்சர், பேரு போடாமச் சீட்டுல கேள்வி எழுதித் தரச் சொல்வாங்களாம் சார். எங்கக்கா சொன்னா" என்றாள். சரி, எழுதுங்கள், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன்.

என் புத்தியைப் பாருங்கள். மூன்று வருஷமாக இந்தப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறேன். சீட்டைப் பிரித்த உடனே ஒவ்வொன்றும் யார் கையெழுத்து என்று எனக்குத் தெரிந்தது. அதில் ஒன்று கார்த்திகாவுடையது. தேவாரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை, வகுப்பில் முதல் மதிப்பெண். பதினைந்து வயது.

"வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. பரீட்சை முடிஞ்சதும் மாமா மகனுக்குக் கட்டி வைக்கப் போறாங்க. கல்யாணம் ஆனா ஒரு வருசத்துக்குள்ள குழந்தை பிறந்துதான் ஆகணுமா? எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா யார்கிட்டச் சொல்லணும்?"

படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் திரிந்தேன். யாருக்கும் தெரியாது என்று சொன்னவனே போய்ச் சொல்லலாமா? சொல்லாமல் இருந்தால் பரீட்சை முடிந்ததும் பந்தல் போட்டுவிடுவார்களே? உங்களிடம் ஓடிவந்திருப்பேன். எங்கே ஓடுவது? கடைசியில் ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "சட்டம் இருக்கு. தேதி குறிச்சாங்கன்னா அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிருவேன், அதுல மாத்தமில்ல. அதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ப் பேசிட்டு வா" என்றார்.

போனேன். சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை, மேலே படிக்க வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். கார்த்திகாவின் அப்பா மலையடிவாரத்தில் தென்னையும் வாழையும் வைத்திருக்கிற சம்சாரி. மரியாதையாகத்தான் பேசினார். "படிப்பு இருக்கட்டும் சார். தாய்மாமன் சடங்குக்குத் தட்டு தட்டாச் சீரு கொண்டாந்து இறக்குனாரு. அவரு மகனுக்கு இல்லேன்னா நாங்க ஊருக்குள்ள மொகம் முழிக்க முடியுமா? பதினஞ்சு, பதினாறுன்னு வயசு பாத்தா எங்க ஆத்தாவ எல்லாம் கட்டிக் குடுத்தாக?" அதற்கு மேல் பேச இடமில்லாமல் எழுந்துவிட்டேன்.

அவர் மனைவி பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பாதி வழியில், "சார், என்னயத் தெரியலையா? செல்வராணி. டென்த் பி. நீங்க புதுசா வந்த வருசம்" என்றார். எனக்குத் தெரியவில்லை அக்கா. நான் மைதானத்தில் இருந்தவன்தானே.

"நான் லேபுக்குள்ள இருந்த பிள்ளை சார்" என்றார் செல்வராணி. "டீச்சர் சொன்னது ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. வயசுக்கு வந்துட்டா ஒடம்பு தொடங்கியிருக்குன்னுதான் அர்த்தம், முடிச்சிருச்சுன்னு அர்த்தமில்ல, இடுப்பெலும்பு இன்னும் வளந்துக்கிட்டிருக்கும்னாங்க. காத்திருக்கிறது வெக்கப்படுற விசயமில்ல, பயந்து ஒளியிறதும் இல்ல, ஒங்களுக்கு நீங்களே மரியாதை குடுக்கிறதுன்னாங்க. எல்லாம் வெளங்குச்சு. ஆறாவது வாரம் எனக்குக் கல்யாணம்."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் பேசிக்கொண்டே போனார். "எனக்குத் தெரிஞ்சு என்ன சார் செய்ய? எங்கப்பாவுக்குத் தெரியல. கட்டுனவருக்குத் தெரியல. பதினாறு வயசுல தலப்பிரசவம். ரெண்டு நாள் வலி. அந்தப் பிள்ளை தங்கல. இவ அடுத்துப் பெறந்தவ. இவ பயப்படுறது எனக்குத் தெரியும் சார், தூக்கத்துல பெரண்டு பெரண்டு படுக்கிறா. வீட்ல நான் சொன்னா யாரு கேக்குறா?"

பஸ் வந்தது. ஏறப்போன என்னிடம் அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். "மாப்ள சரவணனும் ஒங்ககிட்டப் படிச்சவந்தான் சார். ரொம்ப நல்ல பய. நல்லாப் பந்து வெளையாடுவான், ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

இல்லாமலா? ஏழு வருஷம் முன்னால் என் கோல்கீப்பர் அவன். நீங்கள் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வெளியே மண்ணில் விழுந்து புரண்டு பந்தைப் பிடித்து, என்னிடம் சபாஷ் வாங்கியவன். அந்தப் பஸ்ஸில் போடி வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அழுதேன் அக்கா, அதில் என்ன மறைக்க. நீங்கள் பத்தொன்பது வருஷம் பாதி ஊருக்குப் பாடம் சொன்னீர்கள். மீதிப் பாதியை நான் பத்திரமாக வெளியே கூட்டிப்போய் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வாத்தியாரு மொத தடவ வேலைக்கு வர்றாக போல" என்று ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சொல்ல, ஜீப்பே சிரித்தது. போடிமெட்டு தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் இறங்கினேன். சரவணன் அங்கே மருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி.

"சார்! நீங்களா! என்ன சார், இம்புட்டுத் தூரம்?" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது, தாடி, பனிக்குல்லா. "ஒனக்கு ஒரு பாடம் நடத்தாம விட்டுட்டேன்டா, அதான் வந்தேன்" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

செடிகளுக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்தோம். எப்படித் தொடங்குவது? நல்லவேளை, ஏலப்பூ இருந்தது. மண்ணை ஒட்டிப் படர்ந்த சரங்களில் அன்றைக்கு விரிந்த பூக்கள், வெள்ளை இதழில் ஊதா வரிகளோடு. தேனீக்கள் குனிந்து குனிந்து நுழைந்துகொண்டிருந்தன. ஏன் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்று கேட்டேன். "காலையில மருந்தடிக்க மாட்டோம் சார். ஈ வர்ற நேரம். பூவுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான், நாளைக்கு வாடிரும். இப்ப ஈயை வெரட்டிட்டா அந்தக் காய் போச்சு" என்றான்.

"பொம்பள ஒடம்புலயும் அப்படித்தாண்டா" என்றேன். "மாசத்துக்கு ஒரு முட்டை. அதுக்கும் ஒரு நாள்தான் ஆயுசு." அவன் வாயைப் பிளந்தான். "ஒரு நாளா? முப்பது நாள்ல ஒரே நாளா சார்?" பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆணின் உயிரணு அதற்காக ஐந்து நாள் வரை உள்ளே காத்திருக்கும் என்பதை. சின்ன வயதில் மாதச்சுற்று ஒழுங்காக இராது, அதனால் நாள் எண்ணிப் பார்த்துத் தப்பிக்கலாம் என்று நம்பினால் ஏமாந்துபோவோம் என்பதை. பதினைந்து வயதில் கரு தரித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்னென்ன ஆபத்து என்பதை. கூச்சமே வரவில்லை அக்கா! மலையும் தேனீயும் எனக்குத் துணையாக இருந்ததோ என்னவோ. அவன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். அவ்வளவு பயபக்தியோடு எந்தப் பையனும் என் வகுப்பைக் கேட்டதில்லை.

கேட்டு முடித்ததும், "கல்யாணத்த முடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு வருசம் நான் வெலகி இருந்துக்கிட்டா?" என்றான். நல்ல பயல் என்று அப்போதே தெரிந்தது. "நீ இருப்படா. சட்டம் அதுக்கும் எடம் குடுக்காது. அது கெடக்கட்டும், மூணாவது மாசம் ஒங்காத்தா 'விசேசம் உண்டா'ன்னு யார்கிட்டக் கேப்பாக? ஒன்கிட்டயா?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவகிட்டத்தான் கேப்பாக." குல்லாவைத் திருகிக்கொண்டே, "அவளுக்கு இதுல சம்மதமான்னு யாராச்சும் கேட்டாகளா சார்?" என்றான்.

"நீ கேட்டியா?"

"இல்ல சார். என்கிட்டயும் யாரும் கேக்கல. நானும் வேணாம்னு சொல்லலாம்ங்கிறது எனக்குத் தெரியாது."

இதை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்குத்தான் தெரியாது என்று நாம் நினைத்தோம். பையன்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

அன்றைக்கு மாலையே அவன் செல்வராணிக்குப் போன் போட்டிருக்கிறான். "அத்தை, கார்த்திகா படிக்கட்டும். இப்பக் கல்யாணம் வேணாம். பின்னாடியும் அவளாச் சரின்னாத்தான்." வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. தாய்மாமன் பொங்கலுக்கு எட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகாவின் அப்பா என்னைச் சந்தையில் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார். "வாத்தியாரு மலையேறிப் போயி மாப்ளயக் கலைச்சுட்டாரு" என்று டீக்கடையில் பேச்சு. பேசட்டும். கல்யாணம் நின்றது.

கார்த்திகாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்துவிட்டேனே என்று குற்ற உணர்ச்சி. அவள் பையை மாட்டிக்கொண்டே, "என் கையெழுத்து ஒங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் சார் எழுதினேன்" என்றாள். பதினைந்து வயது அக்கா! நான்தான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினேன். ஆணும் பெண்ணும் ஒரே அறையில். ஜன்னலைத் திறந்து வைத்து. முதல் பத்து நிமிஷம் பின்பெஞ்சில் ஒரே கிசுகிசு. "சிரிச்சுக்கங்கடா, சிரிச்சு முடிச்சதும் ஆரம்பிக்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தானாக அடங்கினான்கள். காத்திருத்தல் என்றால் என்ன என்று உங்கள் வார்த்தையிலேயே சொன்னேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது அத்தோடு முடிந்தது என்றும், அதைச் சொல்கிற உரிமை பையனுக்கும் உண்டு என்றும் சொன்னேன். அதை ஒரு பையன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டதைப் பார்த்தேன்.

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பாவின் உயிரணு என்று சொன்னபோது, நாலு அக்காக்களுக்குப் பின் பிறந்த ஒருவன் எழுந்தான். "அப்ப எங்கம்மாவ எதுக்கு சார் எல்லாரும் திட்டுனாங்க?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் அக்கா?

அன்றைக்கு ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த செல்வராணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சார், நானும் ஒக்காந்து கேக்கவா? நான் பாதியில எந்திரிச்சுப் போனவ" என்றார். மகள் நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்து நான் கருமுட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்குழந்தை பிறக்கும்போதே அவள் ஆயுளுக்கான முட்டைகள் அத்தனையும் அவளுக்குள் இருக்கும் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். செல்வராணி கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரியே. "டீச்சர் இன்னொண்ணும் சொன்னாங்க சார். பெறக்குறதுக்கு முன்னாடியே இருக்கும்னாங்க. ஒங்கம்மா அவங்கம்மா வயித்துல அஞ்சு மாசமா இருக்கையிலயே, பின்னாடி நீங்களா ஆகப்போற முட்டை அவங்களுக்குள்ள இருந்துச்சு. நீங்க இந்த ஒலகத்துல ஒங்க வயச விடப் பழைய ஆளுங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

கார்த்திகா தன் அம்மாவை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பெஞ்சில் ஒருவன் மெதுவாக, "யம்மாடி!" என்றான். செல்வராணி மகளின் தோளில் கையைப் போட்டு, "நான் சின்னப் பிள்ளையா வெளையாடித் திரிஞ்சப்பல்லாம் இவ என்கூடத்தான் சார் இருந்திருக்கா. இம்புட்டு வருசம் காத்திருந்து வந்தவ. இன்னும் கொஞ்ச வருசம் காத்திருந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

சாத்திய ஜன்னலுக்குள் நீங்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா அக்கா?

கார்த்திகாவுக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. இன்னொரு மாமன், இன்னொரு சீர் வரலாம். அவள் அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. வருகிற சனிக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போகிறேன். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. அவரும் ஒரு காலத்தில் பத்தாம் வகுப்புப் பையன்தான், அவருக்கும் அந்தப் பாடத்தை யாரும் சொல்லவில்லை; அதைத்தான் சொல்லப்போகிறேன். விரட்டினால் திரும்பி வருவேன், மறு சனிக்கிழமை மறுபடி போவேன். அவர் கேட்கிற வரைக்கும் போவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

வகுப்பில் உட்கார்ந்து உங்களிடம் பாடம் கேட்கத் தவறிய,
உங்கள் தம்பி
ஜெயபால்